கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்துப் போய் வந்த கதை

இந்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று முன்பே முடிவு செய்திருந்தேன். மதுரையில் சொந்தக்காரர்களிடம் சொன்னதும், "இப்பல்லாம் இ-பாஸ் கேக்குறாங்க, பெரிய தொல்லை" என்று ஆளாளுக்கு அலுத்துக்கொண்டார்கள். வண்டியில் மலை ஏறுகிறவர்கள் முன்பே இணையத்தில் எடுத்துக்கொள்ள வேண்டிய அனுமதிச் சீட்டுதான் இ-பாஸ். எனக்கு அது தொல்லையாகவே படவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதால் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 கோடையில் ஒரு படி மேலே போய், கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பே வைத்தார்கள். அந்த மலை தாங்கக்கூடியது அவ்வளவுதான்.

நான் இருப்பது கனடாவில், கல்காரியில். அங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் மொரெய்ன் ஏரி. அந்த ஏரிக்குப் போகிற சாலையில் 2023 முதல் சொந்தக் கார்களுக்கு அனுமதியே கிடையாது. ஆனால் காரை நிறுத்தச் சொன்னவர்களே பேருந்தையும் விடுகிறார்கள். கீழே வண்டியை விட்டுவிட்டு, முன்பதிவு செய்த பேருந்தில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கொடைக்கானல் பயணம் முழுக்க எனக்கு இந்த நினைப்புதான் ஓடிக்கொண்டிருந்தது. வருகிற வண்டிகளை எண்ணத் தொடங்கிவிட்டோம், நல்லது. வருகிற மனிதர்களுக்கு என்ன செய்து வைத்திருக்கிறோம்?

பாஸ் எடுப்பது சுலபம். கட்டணம் இல்லை. வண்டி எண், எத்தனை பேர், என்றைக்குப் போய் என்றைக்குத் திரும்புவது, எங்கே தங்குவது என்று நிரப்பினால் போதும். இந்திய மொபைல் எண் இல்லாத வெளிநாட்டுக்காரர்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்தே பதியலாம் என்பது வெளியூரில் இருந்து வருகிற நம்மவர்களுக்குப் பெரிய நிம்மதி. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது எதுவுமே தேவையில்லை.

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகப் போனோம். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அம்மா ஜன்னலை இறக்கச் சொல்லிவிட்டார். கீழே மஞ்சளாறு அணை தெரிகிற வளைவில் டிரைவர் தம்பி தானாகவே ஓரங்கட்டினார். சாலை நன்றாக இருக்கிறது. வளைவுகளில் கண்ணாடி, தடுப்புச் சுவர், தமிழில் தெளிவான பலகைகள் எல்லாம் பார்த்துச் சந்தோஷமாக இருந்தது. ஊத்து, பெருமாள்மலை என்று ஏற ஏறக் காற்று மாறுவதை அனுபவிக்கவே இந்தச் சாலையில் வரலாம்.

ஆனால் கழிப்பறை. இதைச் சொல்லாமல் எந்தப் பயணக் கதையும் முழுமையாகாது, பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, சர்க்கரை இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிறது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு. சாவியைக் கேட்டால், "டீசல் போடுறீங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த பையன். பங்குகளில் கழிப்பறை, குடிதண்ணீர், டயருக்குக் காற்று மூன்றும் எல்லோருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. எண்ணெய் வாங்கியிருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லை. டிரைவர் தம்பி இறங்கிப் போய், "அம்மா வயசானவங்கப்பா, சாவியக் குடு" என்று சொன்ன பிறகுதான் கிடைத்தது. உள்ளே தண்ணீர் வரவில்லை. மேற்கத்திய பாணிக் கழிப்பறையும் இல்லை, பிடித்துக்கொண்டு எழுந்திருக்க ஒரு கம்பியும் இல்லை. அம்மா அதற்கு அப்புறம் மலை ஏறி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்க மறுத்துவிட்டார். சர்க்கரைக்காரர் ஒருவர் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்வது எனக்குத் தாங்கவில்லை. இத்தனை ஆயிரம் வண்டி இந்த வழியே போகிறது என்று கணக்கே கையில் இருக்கும்போது, மலைச்சாலையில் சில இடங்களிலாவது ஆள் வைத்துப் பராமரிக்கிற கட்டணக் கழிப்பறை கட்ட முடியாதா? பத்து ரூபாய் இல்லை, ஐம்பது ரூபாய் கேட்டாலும் கொடுக்க நாங்கள் தயார்.

வெள்ளி அருவிக்குப் பக்கத்தில் உள்ள சுங்கச்சாவடியில் பாஸைப் பார்த்தார்கள். வரிசை நீளம்தான், ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள். 5 லிட்டருக்குக் குறைவான தண்ணீர், குளிர்பான பாட்டில் வைத்திருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. நாங்கள் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோயிருந்தோம். இந்தக் கெடுபிடி கட்டாயம் வேண்டும். கூடவே, தண்ணீர் பிடித்துக்கொள்ளும் இடங்களும் நிறைய வேண்டும். ஊருக்குள் நாங்கள் போய் நின்ற ஒரு தண்ணீர் இயந்திரம் காசை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. பக்கத்து டீக்கடை அக்காதான் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

தங்குமிடம் பற்றி வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நாங்கள் முதலில் பேசி வைத்திருந்த சிறிய விடுதியில், என் கனடா பாஸ்போர்ட்டைப் பார்த்ததும், "ஃபாரினர்ஸுக்கு ரூம் குடுக்குறதில்ல மேடம்" என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருகிற ஓசிஐ அட்டையைக் காட்டியும் பயனில்லை. காரணம் பகை இல்லை, பயம். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 'சி ஃபார்ம்' என்று அவர்கள் சொல்வது இதைத்தான். அதற்கான கணக்கைத் தொடங்காத சிறு விடுதிகள் வம்பே வேண்டாம் என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. அடுத்த விடுதியில் வரவேற்பில் இருந்த பெண் பாஸ்போர்ட், ஓசிஐ இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டு அம்மா டீ குடித்து முடிப்பதற்குள் பதிவையும் முடித்துவிட்டார். முன்பதிவு செய்யும்போதே போனில், "சி ஃபார்ம் போடுவீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மலை ஏறி, இருட்டிய பிறகு, குளிரில் வயதானவரை வைத்துக்கொண்டு அறை தேடுவது கொடுமை.

பணம் செலுத்துவதில் எந்தச் சிரமமும் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் கனடா மொபைல் எண்ணிலேயே யுபிஐ போட்டுக்கொள்ள 2023-இல் வழி செய்துவிட்டார்கள். வங்கியில் கேட்டு ஊருக்குக் கிளம்பும் முன்பே சரி செய்துகொள்வது நல்லது. சிக்னல் போகிற இடங்களுக்காகக் கொஞ்சம் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது தானாக உண்டான ஏரி இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வெரி ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்தாராம். இன்று ஏறக்குறைய 60 ஏக்கர் தண்ணீர், சுற்றிவர 5 கிலோமீட்டர் சாலை. காலையில் ஆறரை மணிக்குப் போனோம். பனி விலகாத தண்ணீர், நடக்க வருகிற உள்ளூர்க்காரர்கள், சைக்கிளைத் துடைத்து வரிசையாக நிறுத்துகிற பையன்கள். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து என் தாத்தா இங்கே வேலை பார்த்த காலத்தைப் பற்றிப் பேசினார். பத்து மணிக்கு மேல் அதே சாலையில் நடக்க முடியவில்லை, அவ்வளவு கார், அவ்வளவு ஹாரன். குதிரை ஒரு பக்கம் மிரள்கிறது, சைக்கிள் ஓட்டுகிற குழந்தை ஒரு பக்கம் தடுமாறுகிறது. படகில் ஏற்றிவிட்டவர் அம்மாவின் கையைப் பிடித்து, "பயப்படாதீங்கம்மா, மெதுவா கால வைங்க" என்று பொறுமையாக உட்கார வைத்தார். ஆனால் படகுத்துறைப் படியில் கைப்பிடி இருந்திருந்தால் அவரும் அவ்வளவு சிரமப்பட்டிருக்க வேண்டியதில்லை.

போன இடமெல்லாம் இப்படித்தான் இருந்தது. ஏற்பாடு குறைந்த இடத்தை மனிதர்கள் நிரப்பினார்கள். அவர்களுடைய நல்ல குணத்தை நம்பியே ஒரு ஊரை நடத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

பகல் நேரத்தில் ஏரியைச் சுற்றிய சாலையைக் கார்களுக்கு மூடிவிட்டு, அங்கே சிறு மின் பேருந்து விடலாம். சீசனில் வத்தலக்குண்டிலும் பழனியிலும் பெரிய வாகன நிறுத்தம் அமைத்து, அங்கிருந்து முன்பதிவு செய்து ஏறும் பேருந்துகளை இப்போதுள்ளதைவிடக் கூடுதலாக விடலாம். இ-பாஸில் ஏற்கெனவே எத்தனை பேர், எந்த நாள் என்ற விவரம் இருக்கிறது. அதே பக்கத்தில், 'காரில் வருகிறீர்களா, பேருந்தில் இடம் வேண்டுமா?' என்று இன்னொரு கேள்வியைச் சேர்த்தால் போதும். கூட வருகிறவர்களில் முதியவர் உண்டா, சக்கர நாற்காலி வேண்டுமா என்றும் அங்கேயே கேட்கலாம். அப்படி ஒரு பேருந்து வந்தால் அடுத்த முறை அம்மாவுடன் அதில்தான் போவேன்.