கல் வைத்த லேடீஸ் வாட்ச் வாங்கப் போகிறீர்களா? 4,85,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

வாட்சில் இருந்த கற்களைச் சோதித்த லேப் ரிப்போர்ட் நேற்றுதான் கைக்கு வந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடை பெயரை இப்போது போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். விலையுயர்ந்த பழைய கைக்கடிகாரம், ஹேண்ட்பேக் எல்லாம் வாங்கி விற்கிற இடம். நுங்கம்பாக்கம் பக்கம், மாடியில். முன்கூட்டியே போன் செய்து நேரம் வாங்கிக்கொண்டுதான் போக முடியும், கீழே ஒரு போர்டு கூடக் கிடையாது. அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நானும் தம்பியும் சேர்ந்து அங்கே ஒரு வைரம் பதித்த லேடீஸ் வாட்ச் வாங்கினோம். கொடுத்த தொகை 4,85,000 ரூபாய்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வாட்ச் போலி இல்லை. ஸ்விட்சர்லாந்தில் செய்ததுதான், உள்ளே ஓடுகிற மெஷின் ஒரிஜினல், சீரியல் நம்பர் சரி, பெட்டியும் வாரண்டி கார்டும் சரி. ஏமாற்று அத்தனையும் கல்லில். கண்ணாடியைச் சுற்றி வழவழப்பான வளையத்தோடு கம்பெனியிலிருந்து வந்த ஸ்டீல் வாட்சை வாங்கி, அந்த வளையத்தை எவனிடமோ கொடுத்துத் துளை போட்டுக் கல் ஒட்டி, கம்பெனியே பதித்தது என்று விற்றிருக்கிறார்கள். கல் இல்லாத அதே மாடல், பழையது, இரண்டு லட்சத்துக்குள் கிடைக்கிறது. நாங்கள் கொடுத்தது 4,85,000.

எப்படி நம்பினோம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஆள் சொன்னதில் முக்கால்வாசி உண்மை, அதனால்தான். காபி கொடுத்து உட்கார வைத்து, கையுறை மாட்டிக்கொண்டு, வாட்சை ஒரு வெல்வெட் தட்டில் வைத்து நிதானமாகப் பேச ஆரம்பித்தார். ஜெகர் லெகூல்த்ர் என்ற கம்பெனி 1929-இல் செய்த 101 என்கிற குட்டி மெஷினைப் பற்றிச் சொன்னார். மொத்த எடையே ஏறக்குறைய ஒரு கிராம்தான், எலிசபெத் ராணி 1953-இல் முடிசூட்டு விழாவுக்கு அந்த மெஷின் உள்ள வாட்சைத்தான் கட்டியிருந்தார் என்றார். வீட்டுக்கு வந்து தேடினேன், எல்லாமே சரி. பிடியே வெளியில் தெரியாமல் மாணிக்கத்தை வரிசையாக நிறுத்துகிற முறைக்கு 1933-இல் வான் க்ளீஃப் அண்ட் ஆர்ப்பெல்ஸ் என்ற நகைக் கம்பெனி காப்புரிமை வாங்கியதைச் சொன்னார், அதுவும் சரி. ரோலெக்ஸ் டி முதல் ஜி வரை நிறத் தரமுள்ள, அதாவது ஏறக்குறைய நிறமே இல்லாத வைரத்தைத்தான் எடுக்கும், உள்ளே ஒரு குறை கூட இருக்கக்கூடாது என்றார். அதுவும் அந்தக் கம்பெனியே சொல்வதுதான். வளையம் 18 காரட் வெள்ளைத் தங்கம் என்றார். ஹால்மார்க் நம்பர் எங்கே என்று தம்பி கேட்டதற்கு, தங்க வாட்சுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை சார் என்றார். விதியில் நிஜமாகவே வாட்சுக்கு விலக்கு இருக்கிறது! இப்படி ஒன்பது உண்மைக்கு நடுவில் ஒரு பொய்யை வைத்தால் யாருக்குத் தெரியும்?

கடைசியாக பேனா மாதிரி ஒரு டெஸ்டரை எடுத்து மேலே இருந்த பெரிய கற்களில் வைத்துக் காட்டினார். பீப் என்றது, வைரம் என்று விளக்கு எரிந்தது. "நீங்களே வெச்சுப் பாருங்க மேடம்" என்று என் கையிலேயே கொடுத்தார். நானும் அவர் காட்டிய கல்லில் வைத்தேன், பீப். அந்த பீப்புக்குத்தான் 4,85,000.

ரொக்கமாகக் கொடுத்தால் இருபதாயிரம் குறைப்பதாகவும் சொன்னார். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே சட்டத்தில் இடமில்லை. என் வீட்டுக்காரர் வங்கியில் வேலை பார்ப்பவர், பேங்க் வழியாகத்தான் அனுப்புவேன் என்று பிடிவாதமாக நின்றார். இன்றைக்கு என் கையில் இருக்கிற ஒரே உருப்படியான சாட்சி அந்தப் பரிமாற்றம்தான்.

அக்கா அதை ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தபோது ஒரு கல்லைக் காணோம். சரி, கல் விழுவது சகஜம்தானே என்று அந்த வாட்ச் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போனோம். அங்கிருந்த பையன் வாரண்டி கார்டில் இருந்த மாடல் நம்பரைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "மேடம், இது கல் வெச்ச மாடலே இல்ல. கல் வெச்சதுக்கு நம்பர் வேற" என்றான். வெளியாள் கை வைத்து மாற்றிய வாட்சைத் தாங்கள் தொட முடியாது என்று மரியாதையாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியோடு வந்த அந்த கார்டுதான் கடைக்காரர் எங்களுக்குப் பெருமையாகக் காட்டியது. அதிலேயே உண்மை அச்சாகி இருந்திருக்கிறது.

அங்கிருந்து சௌகார்பேட்டை. அம்மாவுக்கு வழக்கமாகத் தோடு செய்து கொடுக்கிற பத்தர் ஒருவர், கல் பதிப்பதிலேயே காலம் போனவர். லூப் என்கிற பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதை வெச்சது?" என்று கேட்டார். பிறகு எனக்கும் காட்டினார். நல்ல பதிப்பில் கல்லின் மேல்தளம் எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்கும், இதில் ஒன்று மேடு, ஒன்று பள்ளம். கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகத்தையே உளியால் கிளப்பி, மணி மணியாக உருட்டி, அந்த மணிதான் கல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தங்கம் அதற்கு வளைந்து கொடுக்கும், ஸ்டீலில் அவ்வளவு சுலபம் இல்லை. ஆமாம், அந்த வளையம் வெள்ளைத் தங்கமே இல்லை, வெறும் ஸ்டீல். இதில் மணியை ஒப்புக்குக் கீறி வைத்துவிட்டு அடியில் பசை போட்டிருந்தார்கள். கல் விழுந்த குழியில் அந்தப் பசை மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. அசல் பட்டறைகளில் கல்லுக்கு இவ்வளவு ஆழம் வேண்டும் என்று வாட்ச் கூட்டை வரையும்போதே கணக்குப் போட்டுவிடுவார்கள், ஒரே நிறத்தில் கல் பொறுக்கவே தனி ஆட்கள் உண்டு. அந்த வேலைக்குத்தான் அந்த விலை. எனக்குக் கிடைத்தது பசை.

பெரிய கல்லைச் சாய்த்துப் பார்க்கச் சொன்னார். பட்டைகளின் ஓரக்கோடு இரண்டிரண்டாகத் தெரிந்தது. மொய்சனைட்டாம், வைரம் மாதிரியே மின்னுகிற வேறொரு கல். வைரத்தில் அப்படித் தெரியாது. லேப் ரிப்போர்ட்டும் அதையே சொல்கிறது: மேலேயும் கீழேயும் உள்ள பெரிய கற்கள் மொய்சனைட், பக்கவாட்டில் உள்ள சின்னது எல்லாம் க்யூபிக் சிர்கோனியா, அமெரிக்கன் டைமண்ட் என்பார்களே, அதுதான். சூட்டைக் கடத்துவதை வைத்துப் பார்க்கும் சாதாரண டெஸ்டருக்கு மொய்சனைட்டும் வைரமும் ஒன்றுதான், இரண்டுக்கும் பீப் அடிக்கும். சிர்கோனியாவுக்கு அடிக்காது. அந்த ஆள் எந்தக் கல்லில் வைக்கச் சொன்னார் என்பதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

கடைக்குப் போன் செய்தால், முதலில் சார் மும்பை போயிருக்கிறார். அப்புறம் சார் மீட்டிங்கில் இருக்கிறார். அப்புறம், "சர்வீஸ் சென்டர்காரங்களுக்கு எங்க மேல பொறாமை மேடம்." வாட்ஸ்அப்பில் லேப் ரிப்போர்ட்டை அனுப்பினேன், நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால் வாசலில் நின்ற பையன் அப்பாயின்ட்மென்ட் இருக்கா என்கிறான்! ஒருவழியாக சார் லைனில் வந்து சொன்னது இது: "வைரம்னு பில்லுல எங்கயாவது எழுதியிருக்கோமா, பாருங்க." பார்த்தேன். லேடீஸ் வாட்ச், ஸ்டோன் செட், 4,85,000. அவ்வளவுதான் இருந்தது. வேண்டுமானால் 1,10,000-க்குத் திரும்ப எடுத்துக்கொள்கிறாராம், அதுவும் பணமாக இல்லை, வேறு வாட்சில் கழித்துக்கொள்ள வேண்டுமாம். என்ன பெருந்தன்மை!

அக்காவிடம் இதைச் சொன்ன நாளைப் பற்றி எழுத மனசில்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இவ்வளவு எழுதியதிலேயே அலுத்துவிட்டது, அவசரத்துக்குச் சிலது. கார்டில் உள்ள மாடல் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காட்டாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள், கடைக்காரர் அதற்கு விடமாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பில்லில் இயற்கை வைரம், கம்பெனி பதித்தது, கற்களின் மொத்த எடை எத்தனை காரட் என்று எழுதி வாங்குங்கள். கடையின் சொந்த லெட்டர்ஹெட்டில் தருகிற சர்டிபிகேட் செல்லாக்காசு. ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எங்கள் நோட்டீஸ் இந்த வாரம் போகிறது.

நேற்று இரவு அதே கடை ஸ்டேட்டஸில் இன்னொரு லேடீஸ் வாட்ச் போட்டிருக்கிறது. சுற்றிலும் நீலக்கல், ஃபேக்டரி செட் (கம்பெனியே பதித்தது) என்று எழுதி, 5,20,000. அதற்கு யாராவது முன்பணம் கட்டுவதாக இருந்தால் தயவுசெய்து கட்டாதீர்கள், முதலில் மாடல் நம்பரைக் கேளுங்கள்.