குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பாடம்: ஓர் உடற்கல்வி ஆசிரியையின் மதிப்பீடு

குல்மார்க்குக்குப் போகிற நம்மூர்க்காரர்களில் பெரும்பாலோர் காலையில் ஸ்ரீநகரிலிருந்து கிளம்பி, கோண்டோலா என்னும் கம்பிவட ஊர்தியில் ஏறி இறங்கி, பனியில் நின்று படம் எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். சுற்றுலா நிறுவனங்கள் போட்டுத்தரும் பயணத்திட்டமும் அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஊரில் காசு கொடுத்துப் பெறக்கூடியவற்றில் மிகச் சிறந்தது பனிச்சறுக்குப் பாடம். அதற்கு அங்கேயே தங்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். யார் எதைக் கற்றுக்கொடுத்தாலும், எப்படிக் கற்றுக்கொடுக்கிறார் என்றுதான் என் கண் முதலில் பார்க்கும். கோண்டோலாவின் அடிவார நிலையத்துக்கு அருகிலிருக்கும் தொடக்கநிலைச் சரிவில் எனக்கு வாய்த்த பயிற்றுநர், மலைக்குக் கீழேயுள்ள டங்மர்க் ஊர்ப் பக்கத்து இளைஞர். காலில் ஸ்கீ என்னும் நீண்ட சறுக்குப் பட்டைகளை மாட்டிவிட்டதும் சறுக்கச் சொல்லவில்லை. முதலில் விழச் சொன்னார். பின்பக்கமாக உட்காரக் கூடாது, பக்கவாட்டில் சாய வேண்டும். எழுவதற்கு முன் இரண்டு ஸ்கீகளையும் சரிவுக்குக் குறுக்கே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எழும்போதே வழுக்கிக்கொண்டு போய்விடும். இதைப் பயம் தெளியும்வரை செய்யவைத்தார். பிறகு பக்கவாட்டில் படியேறுவதுபோல் சரிவில் ஏறும் பயிற்சி. ஊன்றுகோல்களை அன்று கையில் தரவே இல்லை. கோல் இருந்தால் உடல் அதை நம்பிவிடும், காலை நம்பாது என்றார். கபடிக் களத்திலும் தடகளத்திலும் பிள்ளைகளைப் பழக்கிய எனக்கு, இவர் நல்ல ஆசிரியர் என்று அந்த ஒரு வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது.

அடுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவது. ஸ்கீகளின் முனைகளை நெருக்கி, பின்பகுதிகளை அகற்றினால் வேகம் குறையும். முழங்காலை மடக்கி, கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் அழுந்தும்படி நிற்க வேண்டும். பயந்தவுடன் உடல் தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கீயின் முன்பகுதியில் எடை இல்லாமல் போய் திசை திருப்பவே முடியாது. அவர் என்னைப் பார்த்தபடி பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே, “காலைப் பார்க்காதீர்கள் மேடம்ஜி, என்னைப் பாருங்கள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. பக்கத்துச் சரிவில் அழுதுகொண்டிருந்த ஒரு சிறுவனிடமும் அங்கிருந்த பயிற்றுநர் அதே பொறுமையோடு இருந்தார்.

இந்தத் திறமை திடீரென்று வந்ததல்ல. பனிச்சறுக்கும் மலையேற்றமும் கற்பிக்க மத்திய அரசின் நிறுவனம் ஒன்று இங்கே பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கலந்துகொண்ட ஆரிஃப் கான் இந்த மண்ணின் பிள்ளை. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் 2020-இல் தொடங்கியபோது பனிப் போட்டிகள் நடந்ததும் இங்கேதான். சரிவில் நிற்கும் இளைஞர்கள் இவற்றையெல்லாம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் தெரியும் பெருமை எனக்கும் தொற்றிக்கொண்டது.

குறை இல்லாமல் இல்லை. நான் ஸ்கீ எடுத்த வாடகைக் கடையில் முதலில் தந்த பூட்ஸின் உட்புறம் ஈரமாக இருந்தது. அளவும் ஒன்று பெரியது. குதிகால் மேலே எழும்பினால் அந்த பூட்ஸ் உங்களுக்கானது இல்லை. மாற்றிக் கொடுக்கும்வரை கடையைவிட்டு நகராதீர்கள். ஸ்லெட்ஜ் என்னும் சறுக்குவண்டி இழுப்பவர்களும் வழிகாட்டிகளும் சூழ்ந்துகொண்டு வற்புறுத்துவது களைப்பைத் தரும். அவர்கள் பெரிதும் நம்பியிருப்பது பனிக்காலத்தின் சில மாத வருமானத்தைத்தான். 2024 ஜனவரியில் பனியே இல்லாமல் சரிவுகள் புல்லாகக் கிடந்தபோது அவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் மறுத்த பிறகும் பின்தொடர்வது சரியில்லை.

கோண்டோலா நல்ல ஏற்பாடுதான். சுமார் 2,650 மீட்டர் உயரத்திலுள்ள ஊரிலிருந்து முதல் கட்டம் நடுவிலுள்ள கோங்தோரி நிலையத்துக்கும், இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,980 மீட்டரில் அஃபர்வட் மலையின் தோள்பகுதிக்கும் போகும். காற்று பலமாக இருந்தால் இரண்டாம் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். மேலே நேர்த்தியாகச் சமப்படுத்தப்படாத மலைச்சரிவு அது; தேர்ந்த வெளிநாட்டு வீரர்களே 2023-லும் 2024-லும் சரிந்து விழுந்த பனியில் சிக்கி உயிரிழந்திருக்கிறார்கள். புதிதாகக் கற்பவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் பனிக்கு ஏற்ற காலம். கனத்த பனி விழுந்தால் டங்மர்க்கில் இறங்கி, சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அறையில் புகாரி அடுப்போ வேறு சூட்டு வசதியோ உண்டா, இரவு முழுவதும் எரியுமா என்று முன்பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பயிற்றுநரின் கட்டணத்தைச் சரிவில் ஏறும் முன் பேசி முடித்துவிடுங்கள். ஒரே ஆளிடம் தொடர்ந்து சில நாட்கள் கற்றுக்கொள்ளுங்கள். நாளுக்கொருவரை மாற்றினால், ஒவ்வொருவரும் விழுவதிலிருந்தே மறுபடி தொடங்குவார்கள்.