புளூபெர்ரியா, ஸ்ட்ராபெர்ரியா?

செல்கள் சேதமாவதைத் தடுக்க உதவும் ஆன்டிஆக்ஸிடன்ட் வேண்டும், ஆனால் எந்தப் பழத்தை வாங்குவது என்று குழம்புபவர்களுக்காக இது. கணக்கெல்லாம் 100 கிராம் பழத்துக்கு.

வைட்டமின் சி:
ஸ்ட்ராபெர்ரி – சுமார் 59 மி.கி.
புளூபெர்ரி – சுமார் 10 மி.கி.தான்.

ஆந்தோசயனின் (பழத்துக்கு நிறம் தரும் ஆன்டிஆக்ஸிடன்ட்):
இதில் புளூபெர்ரி முந்திக்கொள்கிறது. தோட்டத்தில் வளர்க்கும் புளூபெர்ரி ஒன்றைப் பாதியாக நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெளிறிய பச்சை, தோலில் மட்டும் கருநீலம். அந்த நிறம்தான் ஆந்தோசயனின். சாறு பிழிந்து சக்கையை வீசினால் அதில் நிறையப் போய்விடும், தயவுசெய்து முழுசாகவே சாப்பிடுங்கள்.

சர்க்கரை:
ஸ்ட்ராபெர்ரி – 5 கிராம்.
புளூபெர்ரி – 10 கிராம்.

கெடாமல் இருப்பது:
ஸ்ட்ராபெர்ரி – ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள்.
புளூபெர்ரி – ஒரு வாரத்துக்கு மேலும் தாங்கும்.
இரண்டையும் சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம், பாக்கெட்டில் 'ஓராக்' என்று பெரிய எண் போட்டிருந்தால் அதை நம்பி வாங்காதீர்கள். அது ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைக் காட்டும் எண், ஆனால் சோதனைக்குழாயில் அளந்தது. உடலுக்குள் அப்படியே நடக்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்பதால் அமெரிக்க வேளாண் துறையே 2012இல் தான் வெளியிட்டிருந்த ஓராக் எண்களின் பட்டியலை நீக்கிவிட்டது.

வைட்டமின் சி வேண்டும், சர்க்கரை குறைய வேண்டும் என்றால் ஸ்ட்ராபெர்ரி. ஒருமுறை வாங்கி வாரம் முழுக்க ஒரு கைப்பிடி சாப்பிட நினைத்தால் புளூபெர்ரி. உறையவைத்த பழமும் சரிதான். கொழகொழவென்று ஆனாலும் ஆந்தோசயனின் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.