வீட்டுக்கும் பணம் அனுப்பணும், படிக்கவும் போகணும்: எம்.எஸ்.ஸா, ஜெர்மனியா, பிஎச்.டி.யா?

சேலத்திலிருந்து மேல்படிப்புக்குக் கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் முதலில் கேட்பது கல்விக் கட்டணத்தைத்தான். படிக்கும்போதே வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கேட்க வேண்டியது வேறு. எந்த மாதத்திலிருந்து ஊருக்குப் பணம் போகும்? எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு. அப்பாவுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வெள்ளி விலை எகிறினால் ஆர்டர் குறையும். தங்கையின் காலேஜ் ஃபீஸும் பாட்டியின் மருந்தும் அதற்காகக் காத்திருக்காது.

கடன் வாங்கி அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பதைத்தான் நம்மூரில் அதிகம் பேர் நினைக்கிறார்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்து 40 லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 11 சதவீதம் என்றால், முழுத்தொகையும் எடுத்த பிறகு வட்டி மட்டுமே ஆண்டுக்கு 4.4 லட்சம். படிக்கும்போது தவணை கட்ட வேண்டாம் என்பார்கள், ஆனால் வட்டி ஏறிக்கொண்டுதான் இருக்கும். எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் செமஸ்டர் நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை. அந்தப் பணம் வாடகைக்கும் மளிகைக்குமே பற்றாது. வெளியே கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யக் கூப்பிடுவார்கள். வீட்டு நிலைமையை நினைத்து மனசு அந்தப் பக்கம் போகும். தயவுசெய்து போகாதீர்கள், விசாவே போய்விடும். படிப்பு முடிந்ததும் ஓபிடி என்கிற தற்காலிக வேலை அனுமதியில் படித்த துறையிலேயே 12 மாதம், அறிவியல், பொறியியல் துறைகளுக்கு மேலும் 24 மாதம் வேலை பார்க்கலாம். நல்ல வேலை அமைந்தால் கடன் சீக்கிரம் அடையும். அமையாவிட்டால் பத்திரம் வங்கியிலேயே கிடக்கும்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு முன்பே பிளாக்டு அக்கவுண்ட்டில் 11,904 யூரோ போட வேண்டும். அங்கே போனதும் மாதம் 992 யூரோவாகக் கையில் வரும். அது சம்பளம் இல்லை. அதிலிருந்து ஊருக்கு அனுப்பினால், அப்பா புரட்டித் தந்த பணத்தை அப்பாவுக்கே அனுப்புகிறோம், அவ்வளவுதான். ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். ஜெர்மன் பேசத் தெரிந்தவருக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும், அதனால் மொழியை ஊரிலேயே படித்துவிட்டுப் போங்கள். கடன் சிறியது என்பதால் எம்.எஸ்.ஸைவிட இது எனக்கு நிம்மதியான வழியாகத் தெரிகிறது.

நான் போனது அமெரிக்காவில் உதவித்தொகையுடன் பிஎச்.டி.க்கு. கட்டணம் கிடையாது. பாடம் நடத்த உதவியதற்கும் ஆய்வு வேலைக்கும் மாதாமாதம் பணம் வந்தது. இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி நம் மாணவர்களுக்கு நிலையான கழிவும் (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) உண்டு, வரி குறையும். நாலு பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டு மாதம் 200 டாலர் வீட்டுக்கு அனுப்பினேன். பெரிய தொகை இல்லை, ஆனால் தவறாமல் போனது. இதற்கு விலை காலம்தான். ஐந்தாறு வருஷம் அதே சின்னத் தொகையில் ஓட்ட வேண்டும். ஆய்வில் ஆசை இல்லாதவர் பணத்துக்காக மட்டும் இதில் இறங்கினால் நடுவழியில் உடைந்துபோவார்.

வீடு உங்களை நம்பி இருக்கிறது, ஆய்விலும் ஆசை உண்டு என்றால் பிஎச்.டி.க்கே முயலுங்கள். இடம் கிடைக்காவிட்டால் ஜெர்மனி. அடமானம் வைக்க வீடு ஒன்றே ஒன்றுதான் என்றால் கடன் எம்.எஸ். வேண்டவே வேண்டாம்.

அப்புறம், பிஎச்.டி. ஆஃபர் கடிதத்தில் உதவித்தொகை ஆண்டுக்கு 9 மாதமா 12 மாதமா என்று பாருங்கள். பல துறைகள் கோடைக்குப் பணம் தருவதில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை. முதல் கோடையில் மூன்று மாதம் என்னால் அனுப்ப முடியவில்லை. தங்கையின் ஃபீஸுக்கு அம்மா தன் செயினை அடகு வைத்திருக்கிறார். எனக்கு அது தெரிந்தது அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, அவர் கழுத்தைப் பார்த்துத்தான்.