‘இந்தக் கிருமியா?’, ‘எந்தக் கிருமி?’: மரபணுப் பரிசோதனைகளில் எது எதற்கு?

2012-ல் அமெரிக்காவில், முதுகுவலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டவர்கள் அடுத்தடுத்து மூளையுறை அழற்சியோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். முதல் நோயாளியின் தண்டுவட நீரில் வளர்ந்தது ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் என்ற பூஞ்சை. அதை நம்பி, பின்னால் வந்த எல்லோருக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் பரிசோதனை) மட்டும் செய்திருந்தால் ‘இல்லை, இல்லை’ என்றே வந்துகொண்டிருந்திருக்கும். மற்றவர்களில் பெரும்பாலோரிடம் இருந்தது எக்ஸரோஹைலம் ரோஸ்ட்ரேட்டம். புல்வகைத் தாவரங்களில் வாழ்கிற, மனிதரை அரிதாகவே தாக்குகிற பூஞ்சை அது. 750-க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள், 60-க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

கிருமியை அதன் மரபணு, புரதம் வழியே அடையாளம் காணும் மூலக்கூறு முறைகளை ஒப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம்தான் நினைவுக்கு வரும். எது நவீனமானது, எது வேகமானது என்று பார்ப்பதற்கு முன்னால், நாம் கேட்பது ‘இந்தக் கிருமியா?’ என்றா, ‘எந்தக் கிருமி?’ என்றா, ‘எங்கிருந்து வந்த கிருமி?’ என்றா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே கருவி கிடையாது.

‘இந்தக் கிருமியா?’: ரியல்டைம் பிசிஆரும் லேம்ப்பும்

எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துவிட்டால், டிஎன்ஏ பெருகப் பெருகவே சிக்னல் காட்டும் ரியல்டைம் பிசிஆரை அடித்துக்கொள்ள ஆளில்லை. காசநோய்க்கான எக்ஸ்பெர்ட் பரிசோதனை இதற்கு நல்ல உதாரணம். ஆர்பிஓபி என்ற ஒரே மரபணுவின் ஒரு சின்னத் துண்டைப் பெருக்கி, கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அடங்குமா என்ற இரண்டு கேள்விக்கும் சுமார் 2 மணி நேரத்தில் பதில் சொல்லிவிடுகிறது. வளர்ப்பு முறையில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2010-ல் இதைப் பரிந்துரைத்தது.

பூஞ்சைகளில் இதே இடத்தில் நிற்பது நியூமோசிஸ்டிஸ் ஜிரோவெசி. வழக்கமான ஆய்வகங்களில் இதை வளர்க்கவே முடியாது என்பதால் பிசிஆர் பெரிய வரம். ஆனால் நோயே இல்லாதவரின் நுரையீரலிலும் இது கொஞ்சம் தங்கியிருக்கலாம். ஆகவே ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் எழுதி அனுப்புவது அரைகுறை அறிக்கை. பெருக்கத்தின் எத்தனையாவது சுழற்சியில் சிக்னல் வந்தது (சீக்கிரம் வந்தால் கிருமி அதிகம்) என்பதையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இன்னொன்று, செத்த கிருமியின் டிஎன்ஏவும் பிசிஆரில் பெருகும். மருந்து கொடுத்த பிறகு ‘குணமாகிவிட்டதா’ என்று பார்க்க இதை நம்பக் கூடாது.

பூஞ்சைக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. அதன் செல்சுவர் கைட்டினும் குளுக்கானும் சேர்ந்த கெட்டிச் சுவர். அதைக் கண்ணாடி மணிகளோடு குலுக்கியோ வேறு வழியிலோ உடைக்காவிட்டால் உள்ளே இருக்கும் டிஎன்ஏ வெளியே வராது. அப்போது எவ்வளவு நல்ல பிரைமர் (பெருக்க வேண்டிய இடத்தில் ஒட்டும் குட்டி டிஎன்ஏ துண்டு) போட்டும் பயனில்லை. பாக்டீரியாவுக்கான கிட்டை அப்படியே பூஞ்சைக்கும் பயன்படுத்தி ‘நெகட்டிவ்’ என்று எழுதுவதை நான் தவறு என்றே சொல்வேன்.

டிஎன்ஏவை ஒரே வெப்பநிலையில் பெருக்கும் லேம்ப் முறை 2000-ல் ஜப்பானில் உருவானது. பிசிஆர் போல ஏறி இறங்கும் வெப்பநிலை இதற்கு வேண்டாம். 60 முதல் 65 டிகிரியில் வைத்தால் போதும், கலங்கலையோ நிறமாற்றத்தையோ கண்ணாலேயே பார்த்துவிடலாம். வயலோரத்தில் ஓர் இலை நோயை உறுதிப்படுத்த அருமையான வழி. பிசிஆர் கருவி இருக்கும் ஆய்வகத்தில் இதைத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நான்கு முதல் ஆறு பிரைமர்கள் ஒத்துழைக்க வேண்டும். விளைபொருள் ஏராளமாகச் சேர்வதால் மூடியைத் திறந்தால் அறையே மாசுபட்டு, அடுத்த வாரத்து மாதிரிகள் எல்லாம் பொய்ப் பாசிட்டிவ் ஆகும்.

‘எந்தக் கிருமி?’: ஐடிஎஸ் வரிசையும் அதன் எல்லையும்

எக்ஸரோஹைலத்தைப் பிடித்தது இந்த இரண்டாவது கேள்விதான். பூஞ்சைகளின் ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையே ஐடிஎஸ் என்ற பகுதி இருக்கிறது. அதன் இருபுறமும் உள்ள மரபணுக்கள் எல்லாப் பூஞ்சைகளிலும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆகவே ஒரே பிரைமர் ஜோடியால் எதையும் பிடிக்கலாம். நடுவில் உள்ள டிஎன்ஏ எழுத்துகள் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுவதால் பெயரும் தெரிந்துவிடும். ஒரு செல்லிலேயே இதற்குப் பல பத்துப் பிரதிகள் இருப்பது கூடுதல் வசதி. 1990-ல் வெளியான பிரைமர்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 2012-ல் ஐடிஎஸ் பூஞ்சைகளுக்கான அதிகாரபூர்வ பார்கோடாக (சிற்றினத்தை அடையாளம் காட்டும் பொது வரிசையாக) முன்மொழியப்பட்டது.

டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கு அடங்காத படர்தாமரைக்குக் காரணமான டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே 2020-ல்தான் தனிச் சிற்றினமாகப் பெயர் பெற்றது. நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் உறவுக்காரப் பூஞ்சைகளிலிருந்து பிரிக்கவே முடியாது. ஐடிஎஸ் வரிசை பிரித்துக் காட்டிவிடுகிறது. இப்படிப்பட்ட இடங்களில் எனக்கு இந்த முறைமேல் தனிப் பிரியமே உண்டு.

ஆனால் எல்லா இடத்திலும் இது போதாது. ஆஸ்பெர்ஜில்லஸில் ஐடிஎஸ் குழு வரைதான் நிச்சயமாகச் சொல்லும். ஃப்யூமிகேட்டஸா, அதைப் போலவே இருக்கும் லென்டுலஸா என்று பிரிக்க பீட்டா-டியூபுலின் அல்லது கால்மோடுலின் மரபணுவைப் படிக்க வேண்டும். லென்டுலஸ் பல பூஞ்சை மருந்துகளுக்கு எளிதில் அடங்காது என்பதால் இது பெயர்ச் சண்டை மட்டும் அல்ல. ஃப்யூசேரியம் என்றால் டெஃப்-1 மரபணு. பாக்டீரியாவின் பெயர் அறியப் படிக்கும் 16எஸ் என்ற ரைபோசோம் மரபணு வரிசைக்கும் இதே குறை உண்டு: ஈ. கோலையையும் ஷிகெல்லாவையும் அதனால் பிரிக்க முடியாது.

அப்புறம், தரவுத்தளம். பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பதிவேற்றலாம், தவறான பெயரோடு கிடக்கும் பூஞ்சை வரிசைகள் நிறைய. முதலில் வரும் பெயரை அப்படியே அறிக்கையில் எழுதாமல், யுனைட் போன்ற சீர்படுத்திய தொகுப்பிலும் ஒரு முறை தேடிவிட வேண்டும்.

மால்டி-டாஃப் என்ற கருவி டிஎன்ஏவைத் தொடுவதில்லை, புரதங்களின் எடையை வைத்துப் பெயர் சொல்கிறது. வளர்ப்புத் தட்டில் காலனி (கிருமிக் கூட்டம்) வளர்ந்திருந்தால் சில நிமிட வேலை. ஈஸ்ட்டுகளுக்கு இதைவிட நல்ல முதல் படி இல்லை, இழைப்பூஞ்சைகளில் கொஞ்சம் தடுமாறும். 2009-ல் ஜப்பானில் ஒரு நோயாளியின் காதிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட்டை, வழக்கமான உயிர்வேதியியல் கருவிகள் வெகுநாள் அதன் உறவுக்கார ஈஸ்ட்டான கேண்டிடா ஹெமுலோனி என்றே சொல்லிவந்தன. தரவுத்தளத்தில் ஆரிஸ் சேரும்வரை மால்டியாலும் அதைச் சரியாகப் பெயரிட முடியவில்லை. ஐடிஎஸ் வரிசையைப் படித்தவர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாகப் படிப்பது

மெட்டாஜீனோமிக்ஸில் பிரைமரே கிடையாது. மாதிரியில் இருக்கும் டிஎன்ஏ அத்தனையையும் படித்து, மனிதனுடையதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பார்கள். 2014-ல் வெளியான ஒரு சம்பவம் புகழ்பெற்றது. நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள 14 வயதுச் சிறுவனுக்கு மூளைத்திசு எடுத்துப் பார்த்தும் காரணம் தெரியவில்லை. தண்டுவட நீரை இந்த முறையில் படித்ததும் 48 மணி நேரத்துக்குள் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா தெரிந்தது. பென்சிலினில் பிழைத்துக்கொண்டான். ‘எந்தக் கிருமி?’ என்ற கேள்வியை இதைவிட அகலமாகக் கேட்க முடியாது.

அகலமாகக் கேட்டால் வேண்டாத பதில்களும் வரும். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், வெறும் தண்ணீர் வைத்த கட்டுப்பாட்டுக் குழாயிலேயே கிளாடோஸ்போரியம் என்ற பூஞ்சை வந்தது. காற்றில் மிதக்கும் வித்தாக இருக்கலாம், வினைப்பொருளிலேயே இருந்திருக்கலாம். அந்தக் குழாயை வைக்காமல் விட்டிருந்தால் அது யாரோ ஒருவருடைய அறிக்கையில் நோய்க்காரணியாக ஏறியிருக்கும். அன்றிலிருந்து, காலிக் குழாயின் முடிவைக் காட்டாத மெட்டாஜீனோமிக்ஸ் அறிக்கையை நான் நம்புவதில்லை. மற்ற வழிகள் தோற்ற பிறகு வர வேண்டிய முறை இது, முதல் நாளிலேயே அனுப்ப வேண்டியது அல்ல.

‘எங்கிருந்து வந்தது?’

இந்தக் கேள்விக்கு முழு மரபணுத்தொகுதி வரிசையைத் தவிர வேறெதுவும் ஈடில்லை. 2016-ல் வங்கதேசத்துக் கோதுமை வயல்களில் பிளாஸ்ட் நோய் பரவியது. நெல்லில் குலைநோயை உண்டாக்கும் மேக்னபோர்த்தே ஒரைசேதான் இதற்கும் காரணம் என்பதால், பக்கத்து நெல்வயலிலிருந்து தாவியதா, வெளியிலிருந்து வந்ததா என்ற கேள்வி எழுந்தது. சிற்றினம் ஒன்றே என்பதால் ஐடிஎஸ் இங்கே வாய்திறக்காது. மரபணுத்தொகுதியை ஒப்பிட்டதும், அது தென் அமெரிக்கக் கோதுமையைத் தாக்கும் வம்சத்துக்கு நெருங்கியது என்று தெரிந்தது. கேண்டிடா ஆரிஸ் கதை இதற்கு நேர்மாறு: ஒரே இடத்தில் தோன்றி ஊர் ஊராகப் பரவியிருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், ஒன்றுக்கொன்று வெகுதூரமான நான்கு வம்சங்கள் வெவ்வேறு பகுதிகளில் ஏறக்குறைய ஒரே காலத்தில் தலைதூக்கியது தெரிந்தது. எக்ஸரோஹைலத்திலும், மருந்துக் குப்பியில் இருந்ததும் நோயாளிகளிடம் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றே என்று காட்டியது இந்த முறைதான்.

சரி, நாளைக்கே ஒரு மாதிரி வந்தால் என்ன செய்வது? சந்தேகம் ஒரே கிருமிமேல் என்றால் ரியல்டைம் பிசிஆர். காலனி இருந்தால் மால்டி, அது பெயர் சொல்லாவிட்டால் ஐடிஎஸ், அதன் பிறகு அந்தப் பேரினத்துக்கு உரிய மரபணு. எந்த வழியில் போனாலும் வளர்ப்பையும் கூடவே போட்டு வையுங்கள். எந்த மருந்துக்கு எவ்வளவு அடங்குகிறது என்று முழுமையாகப் பார்க்க உயிருள்ள காலனி வேண்டும். திசுவில் இழைகள் தெரிகின்றன, ஆனால் எதுவும் வளரவில்லை என்றால், திசுவிலிருந்தே, ஐடிஎஸ்ஸின் ஒரு பகுதியான ஐடிஎஸ்-2 போன்ற குட்டையான துண்டைப் பெருக்கிப் படிக்கலாம். திசுவைப் பதப்படுத்தப் பயன்படுத்தும் ஃபார்மலின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாக்கிவிடுவதால் நீளமான துண்டு கிடைக்காது. திசு எடுக்கும்போதே ஒரு சிறு பகுதியை ஃபார்மலினில் போடாமல், கிருமி நீக்கிய உப்புநீரில் வைத்துத் தனியாக அனுப்பச் சொல்லி அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.