எடி வெட்டரின் ‘இன்டு த வைல்ட்’: பல வருடம் கேட்டபின் எழுதுவது

அதே பெயருள்ள ஹாலிவுட் படத்துக்காக எடி வெட்டர் பாடி, 2007 செப்டம்பரில் வந்த ஆல்பம். முதலில் சிடியில் கேட்டேன், அப்புறம் எம்பி3-யில், இப்போது ஸ்ட்ரீமிங்கில். நடுவில் எத்தனையோ ஆல்பங்கள் மேல் பைத்தியமாக இருந்து, பிறகு அவற்றைத் திரும்பிப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். இது மட்டும் நிற்கிறது. பாட்டுகள் குட்டையாக இருப்பதுதான் அதற்கு முக்கியமான காரணம் என்பது என் கருத்து.

மொத்தம் 11 டிராக், சுமார் 33 நிமிடம். முதல் பாட்டு ‘செட்டிங் ஃபோர்த்’ ஒன்றரை நிமிடத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். ‘நோ சீலிங்’ கிட்டத்தட்ட அதே அளவு. ‘டுவாலமி’ ஒரே ஒரு நிமிடம், அதுவும் வெறும் கிட்டார். இரண்டாவது சரணம் வரும் என்று மனசு தயாராகும்போது பாட்டு முடிந்துவிடும். புதிதாகக் கேட்பவருக்கு இது அரைகுறையாகப் படலாம். ஆனால் நாள்பட்ட பழக்கத்தில் இதுதான் கைகொடுக்கிறது. எதையும் மூன்று தடவை சொல்லி அலுக்க வைப்பதில்லை என்பதால், அடுத்த தடவை கேட்கவும் ஏதோ பாக்கி இருக்கிறது.

படம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கிறிஸ்டோபர் மெக்கேண்ட்லெஸ் என்ற இளைஞர் 1990-ல் எமரி பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு, சேமிப்பில் இருந்த சுமார் 24,000 டாலரை ஆக்ஸ்ஃபாம் அமைப்புக்குக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குச் சொல்லாமல் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். 1992 ஏப்ரலில் அலாஸ்காவின் ஸ்டாம்பீட் டிரெயில் வழியாகக் காட்டுக்குள் போனார். அங்கே கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய பஸ்ஸில் தங்கியவர், அந்த ஆகஸ்டில் அதிலேயே இறந்தார். வயது 24. ஜான் கிராக்கவர் 1996-ல் எழுதிய புத்தகத்தை வைத்து ஷான் பென் படம் எடுத்தார்.

பேர்ல் ஜாம் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகரான வெட்டருக்கு இது முதல் தனி ஆல்பம். அதற்கு முன்பே அவருடைய குரல் படங்களுக்குப் போயிருக்கிறது. ஷான் பென் நடித்த ‘டெட் மேன் வாக்கிங்’ படத்துக்காக 1995-ல் பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபத்தே அலி கானோடு சேர்ந்து பாடினார். அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும், ராக் மேடையில் கத்துகிற இந்த மனிதர் அடங்கிப் பாடினால் குரலில் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று. ‘இன்டு த வைல்ட்’ முழுக்க அந்த ஆழம்தான். பெரும்பாலான வாத்தியங்களையும் அவரே வாசித்திருக்கிறார்.

முழுக்க அக்கூஸ்டிக் என்று எதிர்பார்த்து வராதீர்கள். ‘ஃபார் பிஹைண்ட்’ டிரம்ஸோடு ஓடும் சுத்தமான ராக் பாட்டு. ஆனால் மனசில் தங்குவது அக்கூஸ்டிக் பாட்டுகள்தான். ‘ரைஸ்’ பாட்டில் மாண்டலினும் குரலும் மட்டும் போதுமானதாக இருக்கின்றன. ‘லாங் நைட்ஸ்’ நான் அதிகம் கேட்டது. இதில் குரல் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது ஃபோன் ஸ்பீக்கரில் தெரியாது. அங்கே வெறும் முணுமுணுப்பாகத்தான் கேட்கும். சுமாரான ஹெட்ஃபோனாவது வேண்டும். இரவில் நீண்ட பஸ் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆல்பம் எனக்குத் தெரியாது. வேலை செய்துகொண்டே கேட்பதற்குச் சரிப்படாது, பாட்டுகள் அடிக்கடி முடிந்து கவனத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஷஃபிளில் போட்டால் உருப்படாது, வரிசையாகவே கேளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பாட்டுகள் வெட்டர் எழுதியவை அல்ல. ‘ஹார்ட் சன்’, கனடாவின் கார்டன் பீட்டர்சன் ‘இண்டியோ’ என்ற பெயரில் 1989-ல் வெளியிட்டது. வெட்டர் பாடியதில் பின்குரல், ஸ்லீட்டர்-கின்னி என்ற அமெரிக்க ராக் குழுவின் கோரின் டக்கர். ஐந்து நிமிடத்துக்கு மேல் போகும் இந்தப் பாட்டைத்தான் நான் இப்போது சில சமயம் தாண்டிப் போகிறேன். திரையில் பிரமாதமாக இருந்த அந்த பிரம்மாண்டம், மற்ற பாட்டுகளின் சிக்கனத்துக்கு நடுவே கொஞ்சம் கூடுதலாகப்படுகிறது. ‘சொசைட்டி’யை எழுதியவர் ஜெர்ரி ஹனன், கிட்டாரும் அவரே. தேவைக்கு மேல் சேர்த்துக்கொண்டே போகும் சமூகத்தைப் பார்த்து, கோபமே இல்லாத தொனியில் விடைபெறுகிற பாட்டு. வருத்தமும் மரியாதையும் கலந்த அந்தத் தொனிக்காகவே இன்னும் கேட்கிறேன்.

கடைசிப் பாட்டு ‘கேரண்டீட்’ 2008-ல் கோல்டன் குளோப் வாங்கியது, தகுதியான பரிசு. விரலால் மீட்டும் ஒற்றைக் கிட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற குரல். ஒரு தொல்லை உண்டு: பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் மௌனம், அதன்பின் அதே மெட்டை வார்த்தை இல்லாமல் முனகும் ஒரு பகுதி ஒளிந்திருக்கிறது. சிடியில் அது அழகான ஏற்பாடு. பிளேலிஸ்ட்டில் போட்டால், ஆப் நின்றுவிட்டதோ என்று தோன்ற வைக்கும். ஆனாலும் அந்த முனகலைத் தவறவிடக் கூடாது.

இத்தனை வருடத்தில் இந்த ஆல்பத்தைப் பற்றி எனக்கு உறுதியாகியிருக்கும் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பாட்டுகள் எல்லாம் போகிறவனின் தரப்பு. படத்தில் ஜீனா மலோன் நடித்த தங்கையின் குரல் கூடவே வருகிறது. வீட்டில் காத்திருப்பவர்களின் வலி அதன் வழியே நமக்குத் தெரிகிறது. ஆல்பத்தில் அம்மா இல்லை, அப்பா இல்லை, தங்கை இல்லை, பசியும் இல்லை. புறப்படும் ஆசையும் தனிமையின் நிறைவும் மட்டும்தான். தனியாகக் கேட்டால் அது ஒரு போதை.

அந்தப் போதைக்கு நிஜமான விலை இருந்தது. புத்தகமும் படமும் பிரபலமானபின் அந்த பஸ்ஸைத் தேடிப் பலர் காட்டுக்குள் போனார்கள். வழியில் குறுக்கிடும் டெக்லனிகா ஆற்றில் 2010-ல் ஒரு பெண்ணும் 2019-ல் இன்னொரு பெண்ணும் மூழ்கி இறந்தார்கள். மீட்க வேண்டியிருந்தவர்கள் இன்னும் நிறைய பேர். கடைசியில் 2020 ஜூனில் ஹெலிகாப்டர் வைத்து பஸ்ஸையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பழி பாட்டுகள் மேல் இல்லை. ஆனால் இது தெரிந்தபின் ‘செட்டிங் ஃபோர்த்’தின் துள்ளலை என்னால் முன்பு மாதிரி முழு உற்சாகத்தோடு கேட்க முடியவில்லை. அதற்கு ஈடாக ‘எண்ட் ஆஃப் த ரோட்’ இப்போது இன்னும் ஆழமாக இறங்குகிறது. இளசுகளுக்கு இந்த ஆல்பத்தைச் சொல்வதானால், படத்தையும் சேர்த்தே பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

கிட்டார் கற்றுக்கொள்பவர்களுக்கு ‘கேரண்டீட்’ நல்ல பயிற்சி. விரல் ஓட்டத்துக்கே சில வாரம் ஆகும், ஆனால் மெதுவாக வாசித்தாலும் பாட்டு கெடாது. இதே குரல் இன்னும் வேண்டும் என்பவர்களுக்கு, வெட்டர் 2011-ல் உகுலேலேயை வைத்தே ஒரு முழு ஆல்பம் போட்டிருக்கிறார். அதில் பாட்டுகள் அதிகம், ஆனால் ஒரு கதை பிடித்து இழுக்கும் சக்தி இதில்தான் இருக்கிறது.