ஆல் அலாங் த வாட்ச்டவர்: டிலனா, ஹென்ட்ரிக்ஸா?

‘ஆல் அலாங் த வாட்ச்டவர்’ பாட்டை எழுதிய அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1967-இல் பதிந்தது இரண்டரை நிமிடம். அக்கூஸ்டிக் கிட்டார், ஹார்மோனிகா, பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். கிட்டார் கழுத்தின் நான்காம் ஃப்ரெட்டில் (கட்டத்தில்) கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி, மாட்டி ஏ மைனர், ஜி, எஃப், ஜி என்ற கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களை) சுற்றினால் பாட்டு வந்துவிடும்.

1968-இல் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸும் அதே சுற்றைத்தான் எடுத்தார். ஆனால் நான்கு நிமிடத்துக்கு விரித்தார். இன்னொரு கிட்டார் கலைஞர் டேவ் மேசன் 12 கம்பி அக்கூஸ்டிக் வாசிக்க, பேஸையும் ஹென்ட்ரிக்ஸே வாசித்தார். நடு சோலோ (தனிக் கிட்டார் வாசிப்பு) ஒரே ஓட்டமல்ல: முதலில் சாதாரண லீட் (மெட்டு வாசிப்பு), பிறகு கம்பியில் வழுக்கும் ஸ்லைடு, அப்புறம் காலால் மிதித்துத் தொனியை மாற்றும் வா-வா பெடல், கடைசியில் கார்டுகளை வெட்டி வெட்டி அடிப்பது. ஒவ்வொரு துண்டுக்கும் தனித் தொனி. அதனால்தான் அலுப்பதே இல்லை.

ஹென்ட்ரிக்ஸ் பதிவை வாசிக்க ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி, சி ஷார்ப் மைனர், பி, ஏ, பி பிடிக்க வேண்டும். இறக்க மறந்தால் பதிவோடு சேராது, அரை ஸ்வரம் ஏறி ஒலிக்கும்.

வரிகளின் அச்சம் டிலனிடம் நெருக்கமாகக் கேட்கிறது. புயலே வந்துவிட்டது ஹென்ட்ரிக்ஸிடம்தான். பின்னாளில் டிலனே மேடையில் அந்தப் பாணிக்கு மாறினார்.